மறுக்கும் உரிமை: தார்ப் பாலைவனத்தில் நீரும் ஊராரும்

நீர்ப் பராமரிப்பைப் பற்றிச் சர்க்கார் வெளியிடும் திட்ட அறிக்கை எதுவாயினும், கலியாணப் பத்திரிகையின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருப்பதுபோல, அதன் முகப்பில் 'மக்கள் பங்கேற்பு' என்ற இரண்டு வார்த்தைகள் தவறாமல் இடம்பெற்றுவிடுகின்றன. அவற்றுக்குச் செயலில் என்ன பொருள் என்று விசாரிக்கப் புகுந்தால், பொறியாளர் வரைந்து கொடுத்த கரைக்கு ஊரார் மண் சுமப்பதும், செலவில் ஒரு பகுதியை ஏற்பதும், திறப்பு விழாவுக்கு வந்து அமர்வதும்தான் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவையெல்லாம் வேண்டாதவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீர் மிகமிக அரிதான ஒரு பிரதேசத்தில் ஜனங்கள் பல நூற்றாண்டுக் காலம் தாமே நடத்திவந்த நிர்வாகத்தைக் கூர்ந்து நோக்கினால், அதன் உயிர்நிலை உழைப்பிலும் இல்லை, பணத்திலும் இல்லை, தம்முள் ஒருவனைப் பார்த்து 'நீ இங்கே தோண்டக் கூடாது' என்று சொல்லவும், சொன்ன சொல்லுக்கு அவனைக் கட்டுப்படச் செய்யவும் ஊருக்கு இருந்த அதிகாரத்திலேயே இருந்தது என்பது புலனாகும். ராஜஸ்தானத்தின் மேற்கே விரிந்து கிடக்கும் தார்ப் பாலைவனம் இதற்குத் தக்க சாட்சி.

நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே ராஜஸ்தானத்துக்குரியது. மேற்பரப்பு நீரிலோ அதன் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத்தான் ஒட்டி நிற்கிறது. ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதுவும் நாலைந்து பொழுதுகளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. விக்கிரம சகாப்தம் 1956-இல், அதாவது 1899-1900-இல் வந்த பஞ்சத்தைச் 'சப்பனியா' என்று இன்றும் அந்தப் பக்கத்து முதியோர் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். இத்தகைய பூமியில் குடியிருக்கத் துணிந்தவர்கள் நீரை மூன்று வகையாகப் பிரித்து அறிந்திருந்தார்கள். மழையாக விழுந்து ஓடியும் தேங்கியும் கிடைப்பது பாலர் பானி. பூமிக்குள் வெகு ஆழத்தில் பெரும்பாலும் உப்பாய்க் கிடப்பது பாதாள் பானி. இவ்விரண்டுக்கும் இடையே, மணலுக்குள் ஈரமாக ஒட்டிக்கொண்டு, ஓடாமலும் தேங்காமலும் நிற்பது ரெஜாணி பானி. நமது பொறியியல் நூல்கள் முதல் இரண்டையும் விரிவாகப் பேசுகின்றன. மூன்றாவதை ஒரு நீர்வளமாகக் கருதி, அதிலிருந்து குடிநீர் எடுக்க வழி கண்டவர்கள் எழுத்தறியாத கிராமவாசிகளே.

சூரு, பிகானேர், ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய பகுதிகளில் சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படலம் ஒன்று ஓடுகிறது. மழைநீர் மணலில் இறங்கிக் கீழேயுள்ள உப்புநீரோடு கலந்துவிடாதபடி இப்படலம் தடுத்துவிடுவதால், அதற்கு மேலுள்ள மணல் நனைந்த நிலையிலேயே மாதக் கணக்கில் இருக்கிறது. மணற்பருக்கைகள் களிமண்ணைப்போல ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதில்லையாதலால், வெயிலில் வெடிப்பு விட்டு ஈரத்தை ஆவியாக்கிவிடுவதும் இல்லை. அந்த ஈரத்துக்குள் ஒரு சிறு வெற்றிடத்தை உண்டாக்கினால், சுற்றியுள்ள மணல் தன் ஈரத்தைத் துளித்துளியாக அங்கே கசியவிடும். இந்த யுக்தியின்மேல் எழுந்ததே குயீ என்னும் சின்னஞ்சிறு கிணறு. பேரீ என்றும் சில இடங்களில் வழங்கும்.

குயீ தோண்டுகிறவனுக்குச் சேஜாரோ என்று பெயர். ஆள் ஒருவன் குந்தி உட்கார்ந்து கைப்பிடி குறுகிய ஒரு கருவியால் கொத்துவதற்கு மட்டுமே இடமிருக்கும் அக்குழி, முப்பது முழம், அறுபது முழம் என்று இறங்கிக்கொண்டே போகும். ஆழம் கூடக்கூட உள்ளே புழுக்கம் தாங்காது. அதைத் தணிக்க, மேலே நிற்பவர்கள் அவ்வப்போது கைப்பிடி மணலை வேகமாக உள்ளே வீசுகிறார்கள், அந்த வீச்சோடு சிறிது புதுக்காற்றும் கீழே இறங்குகிறது. மணல் தலையில் விழாதிருக்க சேஜாரோ பித்தளையிலோ வேறு உலோகத்திலோ செய்த தொப்பியொன்றை அணிந்திருப்பான். சரியும் மணலைத் தடுத்து நிறுத்த, கீம்ப் என்னும் பாலைச் செடியைத் திரித்த கனத்த கயிற்றை அடியிலிருந்து வளையத்தின்மேல் வளையமாக அடுக்கிக்கொண்டே வருவான். கயிறு கிடைக்காத இடத்தில் மரச்சட்டங்கள். வேலை முடிந்தால் ஊர் விருந்து வைக்கும். அறுவடையிலும் அவனுக்குப் பங்கு உண்டு. வாய் குறுகலாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கசியும் நீர் மிகச் சொற்பம். அகன்ற குழியில் அது விரலளவு பரவி நின்றுவிடும், தோண்டி முழுகாது. குறுகிய குழியிலோ இரவு முழுவதும் ஊறியது மொள்ளத்தக்க ஆழத்துக்கு வந்து நிற்கும். இவ்வளவு பிரயாசைக்கும் பலனாக நாளொன்றுக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று குடம் நன்னீர்.

இனிச் சொல்லப்போவதுதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. குயீ ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தம். தோண்டச் செலவிட்டவர்கள் அவர்கள், மூடியிட்டுப் பூட்டுகிறவர்கள் அவர்கள், மாலையில் இறைப்பவர்கள் அவர்கள். ஆனால் அது அமைந்திருக்கும் இடமோ ஊர்ப் பொது நிலம்; அந்நிலத்தில் விழுந்த மழையே அதில் ஊறும் நீர். அந்த ஆண்டு மண்ணில் இறங்கிய ஈரம் எவ்வளவோ அவ்வளவுதான் அங்குள்ள குயீகளுக்கெல்லாம் சேர்ந்து உண்டு. புதிதாக ஒன்று தோண்டினால் புதிதாக நீர் பிறப்பதில்லை, இருப்பவர்களின் பங்கு குறைகிறது. ஆகவே ஊர்ச் சமூகத்தின் சம்மதமின்றி எவனும் புதுக் குயீ தோண்ட இயலாது. குழிக்கு உடையவன் ஒருவன், குழிக்குள் ஊறும் ஈரத்துக்கு உடையவர்கள் ஊரார் அனைவரும் என்ற இந்த நுட்பமான பாகுபாட்டை அனுபம் மிச்ரர் 1995-இல் வெளியிட்ட ராஜஸ்தானத்து நீர்மரபைப் பற்றிய நூலில் அழகாக எடுத்துக்காட்டியிருக்கிறார். (ஏரிகளைப் பற்றி அவர் 1993-இல் எழுதிய முந்திய நூலுக்குப் பதிப்புரிமை கோராமலே விட்டுவிட்டார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம், பொதுச் சொத்தைப் பற்றி எழுதியவருக்கு அது பொருத்தமே.)

நமது தேசத்துச் சட்டம் இதற்கு நேர்மாறான திசையில் நடந்துவந்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், இன்ன வாய்க்காலில் ஓடுகிறது என்று வரையறுக்க முடியாத நிலத்தடி நீரை, தன் நிலத்தின் எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்தின் சொந்தக்காரனுக்குத் தருகிறது. ஏற்றமும் கபிலையும் இறைத்த காலத்தில் இந்தச் சட்டம் எவரையும் அதிகமாக வருத்தவில்லை. மாட்டின் களைப்பே வரம்பாக இருந்தது. ஆழ்துளைக் கிணறும் மின்சார மோட்டாரும் வந்தபின் அதே விதி முற்றிலும் வேறு சொரூபம் கொண்டுவிட்டது. ராஜஸ்தானத்தில் ஆண்டுதோறும் பூமிக்குள் இறங்கி ஊறுவதைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீர் வெளியே எடுக்கப்படுகிறது என்றும், சுமார் 300 வட்டாரங்களில் 200-க்கு மேற்பட்டவை அளவுமீறிச் சுரண்டப்பட்டவை என்றும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அண்மைக் கணக்குகள் தெரிவிக்கின்றன. குயீயின் நியாயம் அறிந்த ஒரு கிழவரிடம் இந்த எண்களைக் காட்டினால் அவர் வியப்படைய மாட்டார் என்றே நினைக்கிறேன்.

குளங்களிலும் இதே அதிகாரம் வேறு உருவத்தில் காணப்படுகிறது. குளத்துக்கு நீரைத் திரட்டித் தரும் மேட்டுநிலம் ஆகோர் எனப்படும். ஆகோருக்குள் செருப்போடு நடக்கலாகாது, மாடு கட்டலாகாது, மலசலம் கழிக்கலாகாது, உழவும் கூடாது என்பவை சாமான்யமான விதிகள். மழைக்கு முன் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வது ஊர்க் கடமை. குளத்தில் படிந்த வண்டலைக் கூட்டாக எடுக்கும் வேலைக்கு லாஸ் என்று பெயர். நம் ஏரிப் பாசன ஊர்களில் குடிமராமத்து என்று வழங்கியதை ஒத்தது. ஜெய்சல்மேர் நகருக்குப் பல நூற்றாண்டுகள் குடிநீர் தந்த கடீசர் ஏரியில் லாஸ் நடந்தபோது மகாராவலே வந்து குடிகளோடு மண் எடுத்ததாகச் சொல்லுவார்கள். அரசர் எத்தனை கூடை சுமந்தார் என்பது நமக்கு முக்கியமல்ல. ஏரியின் ஆகோரில் அரசருக்கும் செருப்பு இல்லை என்பதே முக்கியம். இந்த ஆகோர் என்ற நிலத்துக்கு இன்று என்ன நேர்ந்திருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

குடிநீரோடு நில்லாமல் உழவிலும் இந்த மரபு உண்டு. ஜெய்சல்மேர்ப் பாலிவால் பிராமணர்கள் 15-ஆம் நூற்றாண்டு முதல் வளர்த்த கடீன் முறையில், பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த வயலில் நீண்ட மண்கரையால் நிறுத்தி, அது ஊறி வடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைத்தார்கள். பாசனம் என்ற வேறொன்றே இல்லாமல் பாலையில் கோதுமை விளைந்தது. குல்தரா முதலிய தம் ஊர்களை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் துறந்து போனதைச் சுற்றிச் சாபக் கதைகள் பல கட்டப்பட்டுள்ளன. சுற்றுலாக்காரர்களுக்கு அவை போதும். அவர்கள் போன பின்னும் கரைகளும், அவற்றில் நீர் நிற்க வைக்கும் கலையும் இம்மாவட்டத்தில் அழிந்துவிடவில்லை என்பது எனக்குச் சாபத்தைவிடச் சுவையான விஷயமாகப் படுகிறது.

இவ்வளவும் சொன்னபின், பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாகப் பாடிவிடுவது சுலபம், அது நேர்மையாகாது. 'ஊர்' என்று நான் மேலே பலமுறை எழுதிய அந்தச் சொல்லுக்குள் அனைவரும் சமமாக அடங்கியிருக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களாகக் கருதப்பட்ட ஜாதியினருக்குப் பல ஊர்களில் தனிக் கிணறும் தனிப் படித்துறையும், அதுவும் கடைசியாகவும், என்பதே வழக்கம். மறுக்கும் அதிகாரம் படைத்த சபை, அண்டை வீட்டானின் பேராசையை மறுத்ததோடு நில்லாமல் பிறப்பின் பேரால் தாகத்தையும் மறுத்தது. பெண்களின் நிலை இன்னும் விசித்திரமானது. நீரைச் சுமந்தவர்கள் அவர்கள். எந்தக் குயீயில் எவ்வளவு ஊறும், எது கோடையில் முதலில் வற்றும், எந்த மாதம் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் தலையிலும் இடுப்பிலும் அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் சபை கூடிய ஆலமரத்தடியில் அவர்களுக்கு இடமில்லை. ஜல ஜீவன் திட்டத்தின்கீழ் 2019-க்குப் பின் அமையும் கிராம நீர்க்குழுக்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டிருப்பது, பெயரளவில் முடிந்துபோகும் இடங்கள் பல இருப்பினும், பழைய சபை ஒருபோதும் செய்யாத காரியம். பழைமையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் அதிகாரத்தின் அமைப்பே ஒழிய, அதைக் கையில் வைத்திருந்தவர்களின் பட்டியல் அன்று.

இனி வாய்க்காலுக்கு வருவோம். பிகானேர் சமஸ்தானத்துப் பொறியாளர் கன்வர் சேன் சுதந்திரத்துக்கு முன்பே கனவு கண்ட பெருந்திட்டம் 1958-இல் தொடங்கிற்று. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையிலிருந்து புறப்பட்டு, சுமார் 650 கிலோமீட்டர் தூரம் ஓடி, 1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இமயத்து நீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கரை அடைந்தது. இன்று இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் பெற்றுள்ள இதனால் வறண்ட மாவட்டங்களில் கோதுமையும் கடுகும் பருத்தியும் விளைந்தன, லட்சக்கணக்கானோர் குடிநீர் பெற்றனர் என்பதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சாகும். அதன் மறுபக்கம், அடியில் ஜிப்சமும் கடினப் படலமும் உள்ள நிலத்தில் தாராளமாகப் பாய்ச்சிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலே எழும்பி, ஹனுமான்கர், லூண்கரண்சர் பகுதிகளில் வயல்களை உப்புச் சதுப்பாக்கிற்று. 'சேம்' என்று அவ்வூரார் அதைச் சபிக்கிறார்கள். குயீக்கு உயிரளித்த அதே படலம் கால்வாய்க்குக் கேடாக முடிந்த விந்தையை, அந்த மண்ணில் தோண்டிப் பழகிய ஒருவனைக் கேட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பான். ஜோத்பூரில் நடந்தது இன்னும் வேடிக்கை: 1990-களின் பிற்பகுதியில் கால்வாய் நீர் நகருக்கு வந்ததும் படிக்கிணறுகளிலும் ஜால்ரா என்னும் படித்துறைக் குளங்களிலும் நீர் எடுப்பார் இல்லாமல் போய்விட்டது, நிலத்தடி நீர் உயர்ந்து, பழைய நகரில் கடைகளின் நிலவறைகளுக்குள் ஊறத் தொடங்கிற்று. பாலைவனத் தலைநகரில் தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட மோட்டார் வைக்கவேண்டி வந்தது.

ஆனால் சதுப்பையும் நிலவறையையும்விட ஆழமான மாறுதல் வேறொன்று. நானூறு, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் நீருக்கு அண்டை வீட்டான் உரிமையாளன் அல்லன். அதைக் கூடுதலாக எடுக்கிறவனை ஊரார் தடுக்க எந்தக் காரணமும் இல்லை. அவன் குறைத்துக்கொண்டாலும் மிச்சமாகும் நீர் தங்களுக்கு வருமென்ற நிச்சயம் இல்லை. நீரைப் பற்றிய பேச்சு முழுவதும் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் இடையே நடப்பதாகிவிட்டது. 2000-இல் ராஜஸ்தான சட்டசபை நிறைவேற்றிய பாசன நிர்வாகத்தில் விவசாயிகள் பங்கேற்புச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களைத் தேர்தல் வைத்து அமைக்க வழி செய்தது. கிளை வாய்க்காலைத் தூர் எடுக்கவும், முறைவைத்துப் பாய்ச்சுவதை மேற்பார்க்கவும் சங்கத்துக்கு வேலை உண்டு. தலைமடையில் எவ்வளவு திறப்பது என்பதை மாத்திரம் அதைக் கேட்டு முடிவு செய்வதில்லை. 2004-இல் கட்சானா, ராவ்லாப் பக்கத்துக் கடைமடை விவசாயிகள் நீர் போதவில்லையென்று கிளர்ந்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சங்கங்கள் அப்போதும் இருந்தன.

வெற்றியின் உதாரணமாக எல்லோரும் காட்டுவது அல்வர் மாவட்டத்து ஆர்வரீ நதியை. அல்வர், ஆரவல்லி மலையடிவாரத்து அரைவறட்சிப் பிரதேசம், கண்டிப்பான பாலைவனம் அல்ல. ஆயினும் அதிகாரம் பற்றிய நம் விசாரணைக்கு அது இன்றியமையாதது. 1985-இல் தருண் பாரத் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள், ராஜேந்திர சிங் என்பவரின் தலைமையில், பள்ளிக்கூடமும் வைத்தியமும் நடத்தும் எண்ணத்தோடு அங்கே வந்தார்கள். ஊர்க் கிழவர் ஒருவர் அதெல்லாம் வேண்டாம், தூர்ந்துபோன ஜோஹடை வெட்டுங்கள் என்றார். ஜோஹட் என்பது பிறைவடிவ மண்கரையால் மழைநீரைத் தேக்கும் குட்டை. கோபால்புராவில் தொடங்கிய வேலை அடுத்தடுத்த ஊர்களுக்குப் பரவி, நூற்றுக்கணக்கான சிறு கரைகள் எழும்பின. மழைக்காலத்தில் மட்டும் ஓடிவந்த ஆர்வரீ 1990-களின் நடுவில் ஆண்டு முழுவதும் ஓடலாயிற்று. இது வரை கதை நாம் கேட்டுப் பழகியது. பொறியியல் அங்கே முடிந்தது, அரசியல் தொடங்கிற்று.

தொடக்கத்தில் இந்தக் கரைகள் சட்ட விரோதமானவை என்று பாசன இலாகா ஆட்சேபித்தது. நதி ஓடத் தொடங்கியதும், அதில் மீன் பெருகியதும், சர்க்கார் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டது. நீர் எங்கள் உழைப்பால் வந்தது, குத்தகை விட நீங்கள் யார் என்று ஊரார் எழுப்பிய கேள்வியால் குத்தகை கைவிடப்பட்டது; அந்தப் பூசலிலிருந்தே, நதிக்கரையின் எழுபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்து 'ஆர்வரீ சன்சத்' என்ற தங்கள் நாடாளுமன்றத்தை 1990-களின் இறுதியில் நிறுவின. கரும்பு, நெல் போன்ற நீர் குடிக்கும் பயிர்களைத் தவிர்ப்பது, ஆற்றிலிருந்து நேராக இறைப்பதை வரையறுப்பது, மலைச் சரிவில் மரம் வெட்டாதிருப்பது முதலிய விதிகளை அது வகுத்தது. 2000 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணனே அந்தப் பகுதிக்கு நேரில் வந்து பாவ்ன்தா-கோல்யாலா கிராமத்துக்கு விருது வழங்கினார். அந்த நாடாளுமன்றத்தின் தீர்மானத்துக்கு மாத்திரம் இன்றுவரை சட்டத்தின் பலம் எதுவும் கிடையாது. ஆற்றங்கரையில் எஞ்சின் வைப்பவனை ஊர் கண்டிக்கலாம்; தன் பட்டா நிலத்தின் நடுவில் ஆழ்துளை போட்டு நதியின் அடிநீரையே உறிஞ்சுகிறவன், 1882-ஐக் கையில் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்துச் சிரிக்கலாம். உற்சாகம் மிகுந்த தலைமுறை இருக்கும்வரை வெட்கமும் மரியாதையும் சட்டத்தின் வேலையைச் செய்யும். அதற்குப் பிறகும் செய்யும் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

அண்மைக்காலத் திட்டங்கள் பலவும் நோக்கத்தில் நல்லவை. வேலை உறுதித் திட்டத்தின் நிதியால் பார்மேர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு டாங்கா என்னும் நிலத்தடித் தொட்டிகள் கட்டப்பட்டன. ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் 21,000 லிட்டர் கொள்ளும் செம்மையான டாங்காவை வகுத்துக் கொடுத்திருக்கிறது; கூரையோ சமன்செய்த களமோ ஒழுங்காக இருந்தால் சிறு குடும்பத்தின் குடிநீர்த் தேவை அதில் அடங்கிவிடும். குடம் சுமந்து மைல் கணக்கில் நடந்த பெண்ணுக்கு அது எத்தகைய விடுதலை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தனி வீட்டுத் தொட்டி தனி வீட்டோடு முடிகிறது. மழை பொய்த்தால் டிராக்டர் டேங்கரில் விலைகொடுத்து நீர் வாங்கி நிரப்பும் பாத்திரமாகவும் அதுவே மாறிவிடுகிறது. 2019 டிசம்பரில் ஏழு மாநிலங்களுக்காகத் தொடங்கப்பட்ட அடல் பூஜல் திட்டம், கிராமத்தாரே கிணற்று மட்டத்தை அளந்து, மழையளவைக் குறித்து, ஊரின் நீர் வரவுசெலவுக் கணக்கைத் தயாரிக்கும்படி செய்கிறது. இது உண்மையான முன்னேற்றம்; ஈரம் இவ்வளவுதான் என்ற குயீக்காரனின் அறிவு எண்களாக ஊர்ச் சுவரில் எழுதப்படுகிறது. கணக்கில் பற்றாக்குறை என்று தெரிந்தபின் புதிய ஆழ்துளைக்கு மறுப்புச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற வரி மட்டும் அந்தச் சுவரில் இன்னும் எழுதப்படவில்லை.

ஆகோருக்கு நேர்ந்ததைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். குளத்தின் நீர்வரத்து நிலமும், தெய்வத்தின் பெயரால் ஊரார் காத்துவந்த ஓரண் என்னும் மேய்ச்சற் காடுகளும், வருவாய்த் துறையின் பதிவேடுகளில் பெரும்பாலும் 'தரிசு' என்றே ஏறிக் கிடக்கின்றன. தரிசு என்றால் யாருக்கும் ஒதுக்கலாம். முன்பு சுரங்கத்துக்கும் வீட்டுமனைக்கும் போயிற்று. இப்போது ஜெய்சல்மேரின் வெயிலைத் தேடி வரும் சூரியமின் நிலையங்களுக்குப் போகிறது. 2004 ஆகஸ்டில் அப்துல் ரஹ்மான் வழக்கில் ஜோத்பூர் உயர்நீதிமன்றம், நீர்வரத்துப் பகுதிகளை 1947 ஆகஸ்டு 15 அன்று இருந்த நிலைக்கு மீட்க நடவடிக்கை எடுக்கும்படி மாநில சர்க்காரைப் பணித்தது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஓரண்களை நில அளவையாலும் செயற்கைக்கோள் படத்தாலும் வரையறுத்து அறிவிக்கும்படி ராஜஸ்தானத்துக்கு உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புகளும் சர்க்காரை நோக்கியே பேசுகின்றன. எல்லைக்கல் நாட்டுகிறவர் பட்வாரி என்னும் ஊர்க் கணக்கர், ஒப்பமிடுகிறவர் தாசில்தார். எந்த மேட்டில் விழுந்த மழை எந்தக் குளத்துக்கு வரும் என்பதைப் பட்வாரியின் சங்கிலி அறியாது. ஆடு மேய்ப்பவர்களும் குடம் சுமந்தவர்களும் அறிவார்கள். அளவைக் குழுவில் அவர்களைச் சேர்ப்பதும், அவர்கள் ஒப்பமிடாத வரைபடம் செல்லாது என்று ஒரு விதி எழுதுவதும் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாத காரியங்கள். மாவட்டக் கலெக்டரின் ஒரு சுற்றறிக்கை போதும்.